தேன்நிலவுக்கு எந்த ஓட்டல்?

பல்லடத்தில் எட்டுத் தறி போட்டுக் கூலிக்கு நெய்து கொடுக்கும் நம் நண்பர் ஒருவரின் மகனுக்குக் கலியாணம் நிச்சயமாகியிருக்கிறது. பையன் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கணக்கெழுதுகிறான். பெண் உடுமலைப் பக்கம், பள்ளிக்கூட ஆசிரியை. பத்திரிகை வைக்க வந்தவன் தாம்பூலத் தட்டைக் கீழே வைத்த கையோடு சட்டைப் பையிலிருந்து டெலிபோனை எடுத்து நம்மிடம் நீட்டினான்.

"மாமா, மாலத்தீவுக்குப் போலாமுன்னு இருக்கறமுங்க. மூணு ஓட்டல் பாத்து வெச்சிருக்கறனுங்க. எதை எடுக்கலாமுன்னு நீங்க ஒரு வார்த்தை சொல்லோணும்."

பார்த்தோம். மூன்றும் கடலுக்குள் கால் ஊன்றி நிற்கும் மர வீடுகள். ஒன்றில் அறையின் தரையே கண்ணாடி. கீழே மீன் நீந்துகிறது. வாடகை ஓர் இரவுக்கு ஒன்றில் ரூ.48,000. இன்னொன்றில் ரூ.60,000. மூன்றாவதைச் சொல்ல அவனுக்கே கூச்சம். விமானக் கட்டணம் தனி. விமான நிலையத்திலிருந்து ஓட்டல் தீவுக்குக் கொண்டு போய்ச் சேர்ப்பதற்குத் தனி. இத்தனைக்கும் பணம்? "மாசத் தவணைல கட்டிக்கலாமுங்க மாமா" என்றான்.

நமக்கு முதலில் நாக்கு நுனிக்கு வந்தது வசவுதான். 2025 மார்ச் மாதம் கூலி உயர்வு கேட்டுக் கோவை, திருப்பூர் மாவட்டங்களில் கூலித் தறிகள் நின்றனவே, ஏப்ரல் வரை ஒரு மாதத்துக்கு மேல் பல்லடம், சோமனூர் வட்டாரத்தில் தறிச் சத்தமே கேட்காமல் கிடந்ததே, அந்த நாட்களில் இவன் தகப்பனார் வீட்டில் அடுப்பு எப்படி எரிந்தது என்பது நமக்குத் தெரியும். அந்த வீட்டுப் பிள்ளை நான்கு இரவுக்கு இரண்டு லட்சத்துக்கு மேல் கடன் வாங்குகிறான்!

ஆனால் வசவை விழுங்கிக் கொண்டோம். தறிக்காரன் மகனுக்குக் கடல் எதற்கு என்று கேட்பது நம் வாயில் வரக்கூடாத கேள்வி. அது முதலாளி கேட்கிற கேள்வி. 1936-ம் வருஷம் ஜூன் மாதம் பிரான்ஸ் நாட்டுத் தொழிலாளிகள் லட்சக்கணக்கில் வேலைநிறுத்தம் செய்து, ஆலைகளுக்குள்ளேயே உட்கார்ந்து, சம்பளத்தோடு இரண்டு வார விடுமுறை என்பதைச் சட்டமாக வாங்கினார்கள். லியோ லக்ராஞ்ச் என்ற மந்திரி ரயில் கட்டணத்தில் 40 சதவிகிதம் குறைத்துக் கொடுத்தார். அந்தக் கோடையில்தான் எத்தனையோ பாரிஸ் தொழிலாளிகள் பிறந்தது முதல் முதல் தடவையாகக் கடலைப் பார்த்தார்கள். இரட்டைச் சைக்கிளில் புதுப் பெண்ணும் மாப்பிள்ளையும் கடற்கரைக்கு மிதித்துப் போனார்கள். அன்றைக்கும் பணக்காரப் பத்திரிகைகள் முகம் சுளித்தன: எங்கள் மணலில் இந்தக் கும்பலா?

நம் நாட்டில் 1948-ம் வருஷத்துத் தொழிற்சாலைச் சட்டம் 240 நாள் வேலை செய்தவனுக்கு 20 நாளைக்கு ஒரு நாள் வீதம் சம்பளத்தோடு லீவு என்று எழுதி வைத்தது. பல்லடத்துத் தறிக் குடோனில் அந்தச் சட்டத்தைப் பார்த்தவர் யார்? கரண்ட் நிறுத்துகிற நாள்தான் அங்கே லீவு நாள். ஆகவே பையனும் பெண்ணும் போகட்டும். தாராளமாகப் போகட்டும். எந்த ஓட்டல் என்பதுதான் கேள்வி. அந்தக் கேள்விக்கு ஓட்டல்காரன் அச்சடித்த படம் பதில் சொல்லாது.

மாலத்தீவின் கதையைக் கொஞ்சம் பார்ப்போம். அங்கே 1,200-க்குச் சற்றுக் குறைவான தீவுகள். ஜனங்கள் குடியிருப்பது சுமார் 200 தீவுகளில். 1972-ல் குரும்பா என்ற தீவில் முதல் ஓட்டல் திறந்தபோது 30 அறைகள். பவளக் கல் சுவர், தென்னங்கீற்றுக் கூரை. அதிலிருந்து வளர்ந்ததுதான் 'ஒரு தீவு, ஒரு ஓட்டல்' என்ற ஏற்பாடு. ஒரு தீவை முழுசாகக் கம்பெனிக்குக் குத்தகைக்கு விட்டுவிடுவது. பிறகு அந்தக் கரையில் வலை காயப்போட முடியாது, படகு ஒதுக்க முடியாது. அந்நியன் ஓட்டல் தீவில். ஜனங்கள் ஜனங்களின் தீவில். குடியிருக்கும் தீவுகளில் வெளிநாட்டார் தங்கும் விடுதிகளை 1980-களில் சர்க்கார் மூடியது. மறுபடி அனுமதி கிடைத்தது 2009-ல்தான். கால் நூற்றாண்டு காலம், தன் ஊருக்கு வந்த விருந்தாளிக்கு ஒரு அறையை வாடகைக்கு விடும் உரிமை மாலத்தீவு மீனவனுக்கு இல்லை!

ஓட்டல் தீவிலே வேலை செய்கிறவர்கள் யார்? உள்நாட்டார் ஒரு பகுதி. வங்காளதேசத்தார், இந்தியர், இலங்கையர், நேபாளிகள் மறு பகுதி. அவர்களுடைய குடியிருப்பு தீவின் நடுவிலே, தென்னை மரங்களுக்குப் பின்னால், கடல் தெரியாத இடத்தில். ஓர் அறைக்குப் பலர். வங்காளதேசத்திலிருந்து வருகிறவன் தரகனுக்குக் கடன்பட்டு வருகிறான். வந்த இடத்தில் பாஸ்போர்ட்டைப் பிடுங்கி வைத்துக் கொள்ளும் முதலாளிகளைப் பற்றிய புகார்கள் வருஷா வருஷம் வருகின்றன. 2022 ஜனவரியில் அந்த நாட்டில் குறைந்தபட்சக் கூலி அமலுக்கு வந்தபோது அந்நியத் தொழிலாளி அதில் சேர்க்கப்படவில்லை.

புது மணமக்கள் வருகிறார்கள் என்றால் அறை வேலைக்காரன் வெள்ளை விரிப்பின் மேல் பூ இதழ்களால் இதய வடிவம் வைக்கிறான். துண்டை மடித்து இரண்டு அன்னப் பறவைகள் செய்து மூக்கோடு மூக்கு வைக்கிறான். அவனுக்கும் கலியாணமாகியிருக்கும். மனைவி டாக்காவுக்குப் பக்கத்திலோ, மட்டக்களப்பிலோ, நம் தூத்துக்குடிப் பக்கமோ இருப்பாள். வருஷம் ஒரு தடவை பார்க்கிறான். கடன் அடையாவிட்டால் அதுவும் இல்லை. மாலத்தீவுப் பெண்கள் ஓட்டல் வேலைக்கு அதிகம் போகாததற்கும் இதுவே பெரிய காரணம்: குடும்பத்தை விட்டுத் தீவிலேயே தங்கிக் கிடக்க வேண்டும்.

இதைக் கேட்டதும் பையன் முகம் மாறியது. பல்லடத்தில் பிறந்தவனுக்கு இது புதுக் கதை அல்ல. நம் வட்டாரத்து நூல் மில்களில் 'சுமங்கலித் திட்டம்' என்ற மங்களகரமான பெயரில் நடந்தது என்ன? தென் மாவட்டங்களிலிருந்து ஏழைப் பெண்களைக் கூட்டி வந்து, மில் விடுதியில் மூன்று வருஷம் அடைத்து வைத்து, முடிவில் கலியாணத்துக்கு ஒரு தொகை என்றார்கள். இடையிலே உடம்பு முடியாமல் ஊருக்குப் போனால் அந்தத் தொகை போச்சு. கலியாணத்தைக் காட்டி வேலை வாங்குவதில் நம் ஊர் முதலாளிக்கு எவனும் பாடம் சொல்ல வேண்டியதில்லை.

"அப்படீன்னா நம்ம லட்சத்தீவுக்கே போயிரலாமுங்களா?" என்றான்.

2024 ஜனவரியில் எழுந்த கூச்சலைத்தான் அவன் நினைத்திருக்க வேண்டும். பிரதம மந்திரி லட்சத்தீவுக் கடற்கரையில் படம் எடுத்துக் கொண்டார். மாலத்தீவுத் துணை மந்திரிகள் மூன்று பேர் நாகரிகமில்லாமல் எழுதிப் பதவியிலிருந்து நிறுத்தி வைக்கப்பட்டார்கள். உடனே இங்கே, மாலத்தீவைப் பகிஷ்கரி, லட்சத்தீவுக்குப் போ என்று ஒரே தேசபக்தி. தேசபக்தர்கள் ஒன்றை மறந்துவிட்டார்கள். லட்சத்தீவிலும் ஜனங்கள் இருக்கிறார்கள். 10 தீவுகளில், 2011 கணக்குப்படி 64 ஆயிரத்துச் சொச்சம் பேர். 2021-ல் நிர்வாகி பிரஃபுல் பட்டேல் கொண்டு வந்த வளர்ச்சி ஆணைய வரைவு, எந்த நிலத்தையும் திட்டப் பகுதி என்று சொல்லி எடுத்துக் கொள்ள அதிகாரம் கேட்டது. மே 31-ந் தேதி கேரள சட்டசபை ஏகமனதாக எதிர்த்துத் தீர்மானம் போட்டது. ஜூன் 7-ந் தேதி தீவு ஜனங்கள் தங்கள் வீடுகளிலேயே 12 மணி நேரம் உண்ணாவிரதம் இருந்தார்கள். 2023 ஜனவரியில் டாட்டாவின் தாஜ் ஓட்டல் கம்பெனி சுஹேலி, கட்மத் தீவுகளில் கடல் மேல் வீடுகளோடு இரண்டு ஓட்டல் என்று அறிவித்தது. சுஹேலி ஆளில்லாத் தீவாம். நம் வீட்டுச் சமையலில் இடித்துப் போடுகிறோமே மாசி, அந்தச் சூரை மீனைப் பிடிக்கிற மீனவர்கள் பருவந்தோறும் போய்த் தங்கும் இடம் அது. காகிதத்தில் ஆள் இல்லை, அவ்வளவுதான்.

கொடி மாறினால் ஓட்டல் மாறிவிடாது. ஆகவே நாம் பையனுக்குச் சொன்னது இதுதான்: மாலத்தீவுக்கே போ, கண்ணு. ஆனால் ஜனங்கள் குடியிருக்கிற தீவிலே தங்கு. மாஃபுஷி போன்ற தீவுகளில் 2010 முதல் உள்ளூர்க் குடும்பங்கள் விடுதி நடத்துகின்றன. ஐயாயிரம், ஆறாயிரம் ரூபாய்க்கு அறை கிடைக்கிறது. தலைநகர் மாலேயிலிருந்து அரசுப் படகு உண்டு, கட்டணம் சொற்பம். கடல் அதே கடல்தான். கண்ணாடித் தரை இருக்காது. மீன் பார்க்க வேண்டுமானால் முகத்தை நனைக்க வேண்டும். மதுபானம் கிடைக்காது, குளிக்கிற இடத்துக்குத் தனி எல்லை உண்டு. அது அவர்கள் ஊர், அவர்கள் வழக்கம்; பல்லடத்து மாரியம்மன் கோவிலுக்கு வருகிறவன் செருப்பைக் கழற்றவில்லையா?

அந்த விடுதிக்காரர்கள் எல்லோரும் தர்மராஜாக்கள் என்று நாம் சொல்லவில்லை. அங்கேயும் தரையைத் துடைக்கிறவன் பெரும்பாலும் வங்காளதேசத்தான்தான். ஆனால் வாடகையில் ஒரு பங்காவது அந்தத் தெருவிலே, அந்த மளிகைக் கடையிலே, படகுக்காரனிடத்திலே தங்கும். கடன் வாங்காமலும் திரும்பலாம். (காலைப் பலகாரத்தில் வரும் முட்டை நாமக்கல் முட்டையாகவே இருக்கலாம். 2024-25 வருஷத்துக்கு மட்டும் 42 கோடிக்கு மேல் முட்டை மாலத்தீவுக்கு அனுப்ப இந்திய சர்க்கார் அனுமதி கொடுத்தது.)

பெண் கண்ணாடித் தரையைத்தான் பார்க்க வேண்டும் என்கிறாளாம். ஒரு இரவு மட்டும் அங்கே தங்குவது என்று இருவரும் பேசி முடித்திருக்கிறார்கள். நமக்கு ஆட்சேபணை இல்லை. அந்த ஒரு இரவுக்கு மூன்று ஓட்டலில் எது என்பதற்கு ஒரு தாளில் கேள்விகள் எழுதிக் கொடுத்தோம். பில்லில் 10 சதவிகிதம் சேவைக் கட்டணம் போடுகிறீர்களே, அதைத் தொழிலாளிக்குப் பங்கிட வேண்டும் என்பது உங்கள் நாட்டுச் சட்டம், வெளிநாட்டுத் தொழிலாளிக்கும் சரிபங்கு கொடுக்கிறீர்களா? அவர்கள் பாஸ்போர்ட் அவர்கள் கையில் இருக்கிறதா? வருஷத்தில் எத்தனை நாள் சம்பளத்தோடு ஊருக்கு அனுப்புகிறீர்கள்? சங்கம் வைத்தவனை வேலையில் வைத்திருக்கிறீர்களா? குப்பையை எங்கே கொட்டுகிறீர்கள்? 1992 முதல் திலாஃபுஷி என்ற தீவே குப்பை மேடாகிக் கிடக்கிறது. 2025 ஜனவரி முதல் பெரிய ஓட்டலில் தங்குகிறவன் தலைக்கு நாளொன்றுக்கு 12 டாலர் பசுமை வரியும் கட்டுகிறான். கேட்க அவனுக்கு உரிமை உண்டு.

பையன் அந்தத் தாளை இங்கிலீஷில் எழுதி மூன்று ஓட்டலுக்கும் அனுப்பியிருக்கிறான். முதல் ஓட்டல், மணமக்களுக்குக் கேக் இலவசம் என்று பதில் போட்டிருக்கிறது. மற்ற இரண்டும் இது வரை வாய் திறக்கவில்லை. கலியாணம் தை மாதம். பதில் வந்தால் இந்தப் பக்கத்தில் வெளியிடுவோம்.