குழந்தைக்கு எந்த இருக்கை?



கீழக்கரையிலிருந்து ஒரு தாயார் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அவருடைய மகள் ஷார்ஜாவில் கணவருடன் வசிக்கிறார். முதல் பேறு, இப்போது ஏழாம் மாதம். பேறுகாலத் துணைக்காகத் தாயார் விரைவில் அங்குப் புறப்பட இருக்கிறார். இந்த நேரத்தில், பிள்ளையைக் காரில் ஏற்றிச் செல்வதற்கான இருக்கை குறித்து அந்தக் குடும்பத்தில் மூன்று கருத்துகள் உருவாகியிருக்கின்றன. கைப்பிடியோடு கூடிய சிறிய இருக்கைதான் வேண்டும் என்கிறார் மகள். ஒன்றரை ஆண்டுகூடப் பயன்படாத பொருளுக்கு ஏன் பணத்தைப் போட வேண்டும், நான்கு வயது வரை வரக்கூடிய பெரிய இருக்கையாக ஒன்றே வாங்கிவிடலாம் என்கிறார் மருமகன். “நாங்களெல்லாம் பிள்ளைகளை மடியில் வைத்துக்கொண்டுதானே போய் வந்தோம்? நான் கூடவே இருக்கும்போது இந்தச் செலவே எதற்கு?” என்பது தாயாரின் கேள்வி. இதற்கிடையில், பக்கத்து வீட்டார் தங்களிடம் கிடக்கும் பழைய இருக்கையை இலவசமாகவே தருவதாகச் சொல்லியிருக்கிறார்களாம்.

வளைகுடா நாடுகளிலும் பிற வெளிநாடுகளிலும் வாழும் நம் பிள்ளைகளின் இல்லங்கள் பலவற்றில் எழும் கேள்வி இது. ஆகவே விரிவாகவே பார்ப்போம்.

முதலில் தாயாரின் கேள்விக்கு விடை சொல்லியாக வேண்டும். மடியைப்போல் இதமான இடம் குழந்தைக்கு வேறில்லை. ஆனால் ஓடும் காரில் அது பாதுகாப்பான இடம் அன்று. மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் கார் எதன்மீதோ மோதிப் பத்தில் ஒரு நொடியில் நின்றுவிடுவதாக வைத்துக்கொள்வோம். அந்தக் கணத்தில் 4 கிலோ எடையுள்ள குழந்தையைப் பிடித்து நிறுத்துவதற்கு 50 கிலோ மூட்டையைத் தாங்குவதற்கும் மேலான வலு தேவைப்படும். எத்துணை அன்புள்ள கையாயினும் அதைத் தாங்க இயலாது. குழந்தையை மடியில் வைத்துத் தாம் கட்டிய சீட் பெல்ட்டுக்குள் அதையும் சேர்த்துக்கொள்வோர் உண்டு. அது இன்னும் கொடிது. பெரியவரின் முழு எடையும் பெல்ட்டுக்கும் உடலுக்கும் இடையே சிக்கிய குழந்தையின்மீது இறங்கும்.

சட்டமும் இதையே வற்புறுத்துகிறது. ஐக்கிய அரபு அமீரகத்தில் 2017ஆம் ஆண்டு ஜூலை மாதம் நடப்புக்கு வந்த விதியின்படி, நான்கு வயது வரையுள்ள குழந்தைகளுக்குக் காரில் தனி இருக்கை கட்டாயம். பத்து வயதுக்குட்பட்டவரும் 145 சென்டிமீட்டருக்குக் குறைந்த உயரமுள்ளவரும் முன்னிருக்கையில் அமரக் கூடாது. நம் நாட்டிலும், 2019ஆம் ஆண்டு திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டம், 14 வயதுக்குட்பட்ட பிள்ளையைச் சீட் பெல்ட்டோ குழந்தைக்கான பாதுகாப்பு இருக்கையோ இன்றி ஏற்றிச் செல்வோருக்கு 1000 ரூபாய் அபராதம் விதிக்கிறது. எனவே இருக்கை வேண்டுமா என்பது இனிக் கேள்வியன்று. எந்த இருக்கை என்பதே கேள்வி.

கடைகளில் ‘இன்ஃபன்ட் கார் சீட்’ என்று விற்கப்படுவது கைக்குழந்தைக்கென்றே செய்யப்பட்ட சிறிய இருக்கை. கூடை போன்ற அமைப்பும் தூக்கிச் செல்லக் கைப்பிடியும் உடையது. பெரும்பாலானவற்றுக்குக் காரிலேயே நிலையாகப் பொருத்திவைக்கும் அடித்தளம் ஒன்று உண்டு. கூடையை அதன்மீது வைத்து அழுத்தினால் ‘கிளிக்’ என்ற ஓசையுடன் பூட்டிக்கொள்ளும். குழந்தையின் முகம் காரின் பின்பக்கம் நோக்கியபடியே எப்போதும் இருக்கும். ‘கன்வெர்ட்டிபிள் கார் சீட்’ என்பது காரிலேயே நிலைத்திருக்கும் பெரிய இருக்கை. முதலில் பின்னோக்கியும், குழந்தை வளர்ந்தபின் முன்னோக்கியும் அதையே திருப்பி மாட்டிக்கொள்ளலாம்.

பின்னோக்கி அமர்த்துவது ஏன் என்று பலரும் கேட்பதுண்டு. பிறந்த குழந்தையின் உடல் நீளத்தில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு தலையே. அந்தப் பெரிய தலையைத் தாங்கும் கழுத்தெலும்புகளோ இன்னும் முற்றாதவை. அவற்றைப் பிணைக்கும் தசைநார்களும் மென்மையானவை. முன்னோக்கி அமர்ந்த குழந்தையின் உடலை வார்கள் பிடித்துக்கொள்ள, தலைமட்டும் முன்னே வீசப்படும். பின்னோக்கி அமர்ந்தாலோ, மோதலின் வேகம் முதுகு, கழுத்து, தலை ஆகிய அனைத்திலும் பரவலாக இருக்கையின் முதுகுப்புறத்தால் ஏற்கப்படும். விண்வெளி வீரர்கள் மல்லாந்த நிலையில் அமர்த்தப்படுவதைக் கண்ட சுவீடன் நாட்டுப் பேராசிரியர் பெர்டில் ஆல்டுமன் என்பவர் இக்கருத்தைக் குழந்தைகளுக்குப் பொருத்திப் பார்த்தார். 1964ஆம் ஆண்டில் வால்வோ நிறுவனம் அதன் முதல் மாதிரியைச் சோதித்தது. 2013ஆம் ஆண்டு வந்த ஐ-சைஸ் எனப்படும் ஐரோப்பிய விதி, 15 மாதம் நிறையும் வரை பின்னோக்கியே அமர்த்த வேண்டும் என்கிறது. அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம் 2018ஆம் ஆண்டு தன் அறிவுரையைத் திருத்தியபோது வயதைக் குறிப்பிடுவதையே விட்டுவிட்டு, இருக்கைக்குரிய எடையும் உயரமும் இடந்தரும் வரை பின்னோக்கியே வைத்திருங்கள் என்று கூறிவிட்டது. இருவகை இருக்கைகளும் இந்த அடிப்படைப் பாதுகாப்பைத் தரவல்லவை என்பதை மறக்க வேண்டாம்.

இனி, சிறிய இருக்கையின் நன்மைகளைப் பார்ப்போம். புதிதாகப் பிறந்த குழந்தையின் உடலுக்கு ஏற்பச் செய்யப்பட்டிருப்பதால் வார்கள் அதன் தோளுக்குச் சரியாகப் பொருந்தும். சாய்வும் அளவாக இருக்கும். இந்தச் சாய்வு மிகவும் முக்கியம். இருக்கை நிமிர்ந்திருந்தால் பிள்ளையின் தலை முன்னே தொங்கி, முகவாய் மார்பில் படிந்து மூச்சுக்குழல் நெருக்கப்படும். மேலும், தூங்கும் குழந்தையை எழுப்பாமலேயே வீட்டுக்கும் காருக்கும் மாற்றலாம். அடித்தளம் இல்லாமலே காரின் சீட் பெல்ட்டால் கட்டக்கூடிய வகைகளும் இதில் உண்டு. அவற்றை டாக்சியிலும் உறவினர் காரிலும் பயன்படுத்தலாம்.

அதன் குறை, விரைவில் சிறிதாகிவிடுவது. ஐரோப்பிய வகைகள் பெரும்பாலும் 13 கிலோ எடை அல்லது ஏறத்தாழ 85 சென்டிமீட்டர் உயரம் வரையிலானவை. அமெரிக்க வகைகளில் 30 முதல் 35 பவுண்டு வரை, அதாவது சுமார் 14 முதல் 16 கிலோ வரை தாங்குபவை மிகுதி. எனினும் எடை எல்லையைத் தொடுமுன்பே பல குழந்தைகளின் தலை இருக்கையின் விளிம்பை எட்டிவிடும். அத்துடன் அதன் பயன் முடிந்தது. கால் மடங்கியிருப்பது குற்றமன்று. தலையைத்தான் கவனிக்க வேண்டும். இன்னொரு குறை சுமை. வெறுங்கூடையே மூன்று முதல் ஐந்து கிலோ இருக்கும். ஆறுமாதக் குழந்தையோடு சேர்த்துத் தூக்கினால் பத்துக் கிலோவைத் தாண்டிவிடும். அறுவைச் சிகிச்சை மூலம் பேறு கண்ட தாய், முதல் சில வாரங்களுக்குப் பிள்ளையின் எடைக்கு மேல் எதையும் தூக்க வேண்டாமென்றே மருத்துவர்கள் கூறுவர். அப்போது கூடையைத் தூக்குவது கணவரின் வேலையாகவே இருக்கட்டும்.

பெரிய இருக்கையின் முதன்மையான நன்மை சிக்கனம். சற்றேறக்குறைய நான்கு வயது வரை ஒன்றே போதும். 18 கிலோ எடை அல்லது 105 சென்டிமீட்டர் உயரம் வரை வரும் ஐரோப்பிய வகைகள் உண்டு. அமெரிக்க வகைகளில் பல, முன்னோக்கித் திருப்பியபின் 65 பவுண்டு வரை, அதாவது 29 கிலோவுக்கும் மேல் தாங்குபவை. பின்னோக்கி அமர்த்தும் காலமும் சிறிய இருக்கையைவிட நீளும். இது பணத்தினும் பெரிய இலாபம். குறைகள் யாவை? காரிலிருந்து கழற்றி எடுத்துச் செல்வது எளிதன்று. பின்னோக்கி மாட்டும்போது மிகுந்த இடத்தை அடைத்துக்கொள்வதால், சிறிய காரில் முன்னிருக்கையை வெகுவாக நகர்த்த நேரிடும். யாவற்றினும் முக்கியமாக, ‘பிறந்தது முதல்’ என்று அட்டையில் அச்சிட்டிருந்தாலும் சில இருக்கைகள் சிறிய குழந்தைக்குச் சரிவரப் பொருந்துவதில்லை. பின்னோக்கிய நிலையில் வார்கள் தோள்மட்டத்திலோ அதற்குச் சற்றுக் கீழோ இருந்து வெளிவர வேண்டும். மிகத் தாழ்ந்த துளையே குழந்தையின் தோளுக்கு மேலே இருக்குமானால் அந்த இருக்கை அக்குழந்தைக்கு உதவாது.

ஆக, தெரிவுக்கு வழி யாதெனில்: ஒரே கார், அதுவும் எப்போதும் வீட்டில் நிற்கும் கார், ஒன்றுக்கு மேல் வாங்கப் பொருள்வசதியில்லை என்றால், பிறந்த குழந்தைக்கு மெய்யாகவே பொருந்தும் பெரிய இருக்கை ஒன்றை வாங்குவதே அறிவுடைமை. டாக்சியிலும் வெவ்வேறு கார்களிலும் செல்ல வேண்டியிருந்தாலோ, குறைமாதக் குழந்தை, எடை குறைந்த குழந்தை என்றாலோ சிறிய இருக்கையே ஏற்றது. குறைமாதக் குழந்தைக்கு எது பொருந்தும் என்பதை வீடு திரும்புமுன் மருத்துவரிடமே கேட்டறிய வேண்டும்.

கடிதம் எழுதிய தாயாரின் வீட்டு நிலையைப் பார்ப்போம். மருமகன் காரை எடுத்துக்கொண்டு காலையில் பணிக்குச் சென்றுவிடுகிறார். மகள் மருத்துவமனைக்கு டாக்சியில்தான் போய்வருகிறார் என்று கடிதத்தில் எழுதியிருக்கிறார். பிள்ளைக்கு நான்கு மாதம் ஆனதும் ஊருக்கு அழைத்து வரவும் எண்ணமிருக்கிறது. தடுப்பூசிக்காக முதலாண்டில் பலமுறை வெளியே சென்றாக வேண்டும். காரில் மாட்டிய பெரிய இருக்கை மருமகனின் அலுவலக வாசலில் நிற்க, பேரப்பிள்ளை டாக்சியில் பாட்டியின் மடியில் செல்லும் நிலை அப்போது வந்துவிடும். ஆகவே இந்த வீட்டுக்கு, அடித்தளம் இன்றியும் பெல்ட்டால் கட்டக்கூடிய சிறிய இருக்கையே பொருத்தம் என்பது எம் கருத்து. ஊரில் அழைக்க வரும் காரின் பின்னிருக்கையிலும் அதையே கட்டலாம். ஆனால் அந்தக் காரின் பின்னிருக்கையில் தோளையும் இடுப்பையும் பிணைக்கும் பெல்ட் உண்டா என்று ஓட்டுநரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

மருமகனின் கணக்கைத் தவறென்று தள்ளிவிட முடியாது. ஓராண்டுக்குப்பின் பெரிய இருக்கை வாங்கத்தான் வேண்டும், செலவு இருமுறைதான். இதற்கு ஒரு வழி சொல்வோம். முதல் பேறுக்குத் தாய்வீட்டார் தொட்டில், துணிமணி, காப்பு, சங்கிலி என்று செய்வது நம் குடும்பங்களில் வழக்கம். அதில் ஒரு பங்கைக் குறைத்து இந்த இருக்கையை உங்கள் அன்பளிப்பாகவே வாங்கிக் கொடுங்கள். மருமகனின் பணம் அடுத்த இருக்கைக்கு மிஞ்சும்; கருத்து வேறுபாடும் மனத்தாங்கலின்றித் தீரும்.

பக்கத்து வீட்டாரின் பழைய இருக்கையைப் பொறுத்தவரை அன்போடு நன்றி கூறி மறுத்துவிடுவதே நலம். விபத்தில் சிக்கிய இருக்கையில் கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருக்கலாம். நெகிழிக்கும் ஆயுள் உண்டு. காலாவதியாகும் ஆண்டைப் பல நிறுவனங்கள் இருக்கையின் அடிப்புறத்திலேயே பொறித்திருக்கும். அதன் முழு வரலாறும் தெரிந்து, காலம் கடவாமல், குறிப்பேடும் உறுப்புகளும் முழுமையாக இருந்தாலன்றி ஏற்க வேண்டாம். புதியது வாங்கும்போதும் ஒப்புதல் முத்திரையைப் பார்த்தே வாங்குங்கள். ஐரோப்பிய வகையில் வட்டத்துக்குள் ‘ஈ’ எழுத்துடன் கூடிய ஆரஞ்சு நிற அட்டையும், அமெரிக்க வகையில் எஃப்.எம்.வி.எஸ்.எஸ். 213 என்ற விதி எண்ணும் இருக்கும்.

எந்த இருக்கையானாலும் பின்வருவனவற்றைக் கடைப்பிடியுங்கள்.

1. பேறுகாலத்துக்குச் சில வாரங்கள் முன்பே வாங்கி, உங்கள் காரிலேயே பொருத்திப் பாருங்கள். பெல்ட்டோ ஐசோஃபிக்ஸ் கொளுவியோ பிடிக்கும் இடத்தில் அசைத்தால் 2.5 சென்டிமீட்டருக்கு மேல் நகரக் கூடாது.

2. ஏர்பேக் உள்ள முன்னிருக்கையில் பின்னோக்கிய இருக்கையை ஒருபோதும் வைக்கக் கூடாது. விரியும் ஏர்பேக், குழந்தையின் தலை சாய்ந்திருக்கும் பகுதியையே தாக்கும்.

3. தோள்பட்டை அருகே வாரை விரல்களால் கிள்ளிப் பாருங்கள். மடிப்பு கைக்கு அகப்பட்டால் இன்னும் இறுக்க வேண்டும்.

4. கனத்த துணியில் சுற்றிய குழந்தையை அப்படியே வைத்து வாரைப் பூட்ட வேண்டாம். முதலில் வாரை மாட்டி, பிறகு தேவையானால் மெல்லிய துணியை மேலே போர்த்துங்கள்.

5. சிறிய இருக்கை தொட்டில் அன்று. வீடு வந்ததும் குழந்தையை எடுத்துச் சமதளமான படுக்கையில் கிடத்துங்கள். கூடையை மேசைமீதோ கட்டில்மீதோ வைக்க வேண்டாம். நெடும்பயணத்தில் இடையிடையே காரை நிறுத்திப் பிள்ளையை வெளியே எடுத்து இளைப்பாறச் செய்யுங்கள்.

6. வளைகுடாக் கோடையில் வெயிலில் நின்ற காரின் பக்கிள் பிள்ளையின் தோலைச் சுட்டுவிடும். காரை நிறுத்தும்போது இருக்கையைத் துணியால் மூடி வையுங்கள். பிள்ளையை வைக்குமுன் கையால் தொட்டுப் பாருங்கள். ஒரு நிமிட வேலைதானே என்று குழந்தையைத் தனியே காரில் விட்டுச் செல்லாதீர்கள்.

பிள்ளை சில நாள் இருக்கையில் வைத்ததும் வீறிட்டு அழும். “அழுகிறதே, கொஞ்ச நேரம் என்னிடம் கொடு” என்று கேட்கப் பாட்டியின் மனம் துடிக்கும். அப்போது காரை ஓரமாக நிறுத்தச் சொல்லுங்கள். எடுத்துத் தேற்றுங்கள், பாலூட்டச் செய்யுங்கள். மீண்டும் இருக்கையில் வைத்துப் பூட்டியபிறகு கார் புறப்படட்டும். பத்து நிமிடத் தாமதத்தால் எந்த வீட்டுக்கும் இழப்பு வந்துவிடாது.