கை வலிக்குது... வீங்குது... ஐஸ் போதுமா, ஆஸ்பத்திரி போகணுமா?

ராத்திரி பதினொரு மணி. 'ஒரே ஒரு ரீல்ஸ்' என்று போனை எடுத்தீர்கள், மணி ஒன்று. காலையில் பிரஷைப் பிடிக்கும்போது கட்டைவிரல் அடியில் 'சுருக்'. தைலத்தைத் தேய்த்துவிட்டுக் கிளம்பிவிடுவீர்கள். பிரச்னை அங்கேதான் ஆரம்பிக்குது.

எந்த இடத்தில் வலி?

கட்டைவிரல் பக்கத்து மணிக்கட்டில் வலித்தால், அங்கே தசைநாண்களின் உறை வீங்கியிருக்கலாம். 1895-ல் ஸ்விஸ் மருத்துவர் டி குவெர்வைன் விவரித்த பாதிப்பு இது. போன் வருவதற்கு முன்பே இருந்த வலிதான். கைக்குழந்தையை அடிக்கடி தூக்கும் அம்மாக்களுக்கும் அதிகம் வரும். கட்டைவிரலை உள்ளே வைத்து விரல்களை மூடி, மணிக்கட்டைச் சுண்டுவிரல் பக்கம் மெதுவாகச் சாயுங்கள். சுள்ளென்று வலித்தால் இதுவாக இருக்கலாம்.

ராத்திரியில் கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மரத்துப்போய், கையை உதறினால் சரியாகிறதா? மணிக்கட்டில் நரம்பு அழுத்தப்படலாம். சுண்டுவிரல் மரத்தால், முழங்கையை மடக்கியபடி நெடுநேரம் போன் பிடிப்பது காரணமாக இருக்கலாம். முழங்கையின் வெளிப்பக்க வலி என்றால் 'டென்னிஸ் எல்போ'. 2004-ல் சச்சினையே உட்காரவைத்த வலி இது. துணி பிழிகிறவர்களுக்கும் வரும்!

ஓய்வுக்கும் காசு வேணுமே!

மணிக்கட்டு, முழங்கை பாதிப்புகள் பலவற்றை சர்வதேச தொழிலாளர் அமைப்பு 2010-லேயே தொழில்சார் நோய்ப் பட்டியலில் சேர்த்துவிட்டது. ஆனால், நம்ம ஊரில் இன்னும் 'சும்மா கை வலி'தான். டெலிவரி வேலை பார்ப்பவர் இரண்டு நாள் ஓய்வெடுத்தால் இரண்டு நாள் வருமானம் போச்சு. 2020-ல் இயற்றப்பட்ட சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு கிக் தொழிலாளர்களையும் கணக்கில் எடுத்துக்கொண்டது. ஆனாலும், சம்பளத்தோடு மருத்துவ விடுப்பு அவர்களுக்கு உறுதியாகவில்லை. அதனால்தான் பலரும் மாத்திரையைப் போட்டுக்கொண்டு வண்டியை எடுக்கிறார்கள். வலி மாத்திரையை நாள்கணக்கில் தானாகவே சாப்பிட்டால் வயிற்றுப் புண்ணும் சிறுநீரக பாதிப்பும் வரலாம். ஜாக்கிரதை!

வீட்டில் என்ன செய்யலாம்?

* முதலில் மோதிரம், வளையல், வாட்ச் எல்லாத்தையும் கழற்றிவிடுங்கள். வீக்கம் ஏறிய பிறகு கழற்றுவது கஷ்டம்.
* வலியைத் தூண்டும் வேலையை இரண்டு நாள் நிறுத்துங்கள். போனை மேஜையில் வைத்து மறுகையால் தொடுங்கள். டைப்புக்குப் பதில் வாய்ஸ் மெசேஜ் அனுப்புங்கள்.
* ஐஸைத் துணியில் சுற்றி 15 நிமிடம், ஒரு நாளைக்கு மூன்று, நான்கு முறை வையுங்கள். நேரடியாகத் தோலில் வேண்டாம்.
* படுக்கும்போது கையைத் தலையணைமேல், நெஞ்சைவிட உயரமாக வையுங்கள்.
* கிரீப் பேண்டேஜ் கட்டினால், விரல் மரத்துப்போகாத அளவுக்குத் தளர்வாக இருக்கட்டும்.
* அடிபட்ட முதல் 48 மணி நேரம் வெந்நீர் ஒத்தடம் வேண்டாம்.

முக்கியமாக, வீங்கின கையை எண்ணெய் போட்டு நீவி 'சுளுக்கு எடுக்க' விடாதீங்க. உள்ளே எலும்பு முறிவோ ரத்தக்கட்டியோ இருந்தால், நீவுவதே ஆபத்தாகிவிடும்.

எப்போது காத்திருக்கக் கூடாது?

நெஞ்சு அழுத்தம், வியர்வை, மூச்சுத்திணறலோடு கை வலியா? ஒரு கை திடீரென்று பலமிழந்து, பேச்சும் குழறுகிறதா? உடனே 108.

முழுக் கையும் திடீரென வீங்கி நீலம் பாரித்தால், ரத்தக்குழாயில் கட்டி அடைத்திருக்கலாம். சிவந்து, சூடாகி, காய்ச்சலும் வந்தால் கிருமித்தொற்றாக இருக்கலாம். விழுந்த பிறகு கை கோணலாகத் தெரிந்தால் எலும்பு முறிந்திருக்கலாம். இந்த மூன்றுக்கும் அன்றைக்கே ஆஸ்பத்திரி போகணும். மார்பகப் புற்றுநோய் சிகிச்சை எடுத்த அம்மாவுக்கோ அத்தைக்கோ அந்தப் பக்கத்துக் கை மெல்ல மெல்ல வீங்கினால், 'வயசாச்சு' என்று விடாமல் டாக்டரிடம் அழைத்துப்போங்கள். நிணநீர் தேக்கமாக இருக்கலாம். சீக்கிரம் கவனித்தால் கட்டுப்படுத்தலாம்.

மற்ற வலிகளுக்கு ஒரு வாரம் பாருங்கள். குறையவில்லையா, அரசு மருத்துவமனையின் எலும்பு மருத்துவப் பிரிவுக்குப் போங்கள். பிசியோதெரபியும் உதவும்.

இதைப் படிக்கும்போதே கட்டைவிரல் வலிக்குதா? அப்போ, போனைக் கீழே வெச்சுட்டு கையைக் கொஞ்சம் நீட்டி விடுங்க. அடுத்த ரீல்ஸ் எங்கேயும் ஓடிப்போயிடாது.