கதையைக் கேட்டபின் எண்ணுங்கள்

இலங்கையின் ஹெந்தளைத் தொழுநோய் வைத்தியசாலையைக் கடந்து போகும்போதெல்லாம், உளவியல் ஆய்வு முறையியலின் முதல் பாடத்தை இங்கேயே தொடங்கலாமே என்று தோன்றும். ஒல்லாந்தர் 1708இல் நிறுவிய இடம் இது. தொழுநோயாளரைப் பிரித்து வைக்க 1901இல் சட்டமே வந்தது. அப்படி ஒதுக்கப்பட்ட ஒருவரிடம், வேறொரு நாட்டில் தயாரான வினாக்கொத்தை நீட்டி, "உங்கள் கவலைக்கு ஒன்று முதல் ஐந்துக்குள் புள்ளி போடுங்கள்" என்றால் இலக்கம் கிடைக்கும். அவர் பட்ட பாடு கிடைக்காது. மனநல ஆய்வாளர் மிச்செல் வைஸ் குழுவினர் பம்பாயில் தொழுநோயாளரிடையே நடத்திய ஆய்விலிருந்து உருவாக்கி, 1992இல் வெளியிட்ட 'எமிக்' நேர்காணல் முறை எனக்குப் பிடித்ததும் இதனால்தான். இயலுமானால் நோயை மறைப்பீர்களா, வீட்டில் ஒருவரின் கலியாணத்துக்கு இது தடையாகுமா என்ற வகையில் அது விசாரிக்கிறது. பதிலுக்குப் புள்ளியும் உண்டு. நோயாளர் தன் வாயால் சொன்ன கதையும் அப்படியே பதிவாகும். கலியாணப் பேச்சு நின்றுபோன வீட்டின் வலியை எந்தப் பொதுவான மனச்சோர்வு அளவுகோல் கேட்கும்? வகுப்புத் தோழர்களிடம் படிவத்தைக் கொடுத்து வாங்கி, 'தமிழர் மனநிலை' என்று முடிவெழுதும் அவசரம் நம் மாணவர்களுக்கு வேண்டாம். முதலில் சனங்களிடம் போய் இருந்து கேளுங்கள், கேள்விகளை அவர்கள் பேச்சிலிருந்து எடுங்கள், பிறகு எண்ணுங்கள். பதில் சொல்ல விருப்பமில்லை என்றால் அதையும் மதியுங்கள். சம்மதம் கேட்காமலே அடைத்து வைக்கப்பட்டவர்களுக்கு, மறுக்கும் உரிமையே நாம் கொடுக்கக்கூடிய முதல் மரியாதை.