பெட்டிக்குள் இருந்த பகடை



சிகாகோவில் வளர்ந்த என் பெரியப்பா மகன், 1983இல் தம் சேமிப்பைக் கொடுத்து வாங்கிய 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' சிவப்புப் பெட்டியை இன்றும் மகிழ்வுடன் நினைவுகூர்வார். ஒருவர் கதையை நடத்த, மற்றவர்கள் அதன் மாந்தர்களாகி முடிவெடுக்கும் ஆட்டம் அது. பெட்டிக்குள் இரண்டு நூல்கள், ஆறு பகடைகள், அவற்றின் எண்களுக்கு நிறமேற்ற ஒரு மெழுகுக்கோல்.

அக்காலத்தில் அமெரிக்கக் கிறித்தவப் பெற்றோர் சிலர் அதைச் சைத்தானின் வேலை என்று அஞ்சினர். பெரியப்பாவோ மகனருகே அமர்ந்து நூலைப் படித்தார். பிறகு பகடைகளை மட்டும் எடுத்துக்கொண்டு, நர்து என்னும் பகடையாட்டத்தை நபி (ஸல்) அவர்கள் கண்டித்த ஹதீஸ் ஸஹீஹ் முஸ்லிமில் இருப்பதை விளக்கினார். "பணயம் வைக்கவில்லையே வாப்பா?" என்றாராம் மகன். பணயமின்றியும் அது கூடாது என்பதே பெரும்பான்மை அறிஞர்களின் கருத்து என்றார் பெரியப்பா. "கதையை நீ சொல், நாங்கள் கேட்கிறோம்" என்றும் சொன்னார். அன்று இஷாவுக்குப் பின் குடும்பமே கூடி அமர்ந்தது.

அவருக்கு நினைவில் நிற்பது பறிபோன பகடையன்று, அந்த இரவே.

நம் பிள்ளைகள் கைபேசியில் ஆடுவதை நாம் அருகமர்ந்து பார்த்ததுண்டா? அறிந்த பின் தடுப்போம். தடுத்தால் காரணம் சொல்வோம். ஆகுமானதை அவர்களிடமே விட்டுவைப்போம். அல்லாஹ் அருள்வானாக!