நரி ஏன் நாயாயிற்று?

பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது என்பார்கள். எனக்கோ நரி பிடிக்க நாயாய் முடிந்தது!

பள்ளிக் கண்காட்சிக்காகக் காக்கையும் நரியும் கதையைப் பெரிய அட்டையில் வரையும் பொறுப்பு என்னிடம் வந்தது. காக்கை ஒருவாறு காக்கையாகவே வந்துவிட்டது. மரத்தடியில் நின்ற நரிக்கு ஆரஞ்சு வண்ணம் தீட்டி, வாலின் நுனியை வெள்ளையாக விட்டு, பல்லைக் காட்டிச் சிரிக்கவும் வைத்து, பெருமையோடு மாட்டினேன். பார்க்க வந்த மூன்றாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி, "அக்கா, இந்த நாய் ஏன் சிரிக்கிறது?" என்று கேட்டாள். அருகில் நின்ற தோழியர் சிரித்த சிரிப்பு இன்னும் என் காதில் ஒலிக்கிறது.

எனக்கு ஓவியம் வராது என்று அன்றே முடிவு கட்டிவிட்டேன். ஆனால் எங்கள் ஓவிய ஆசிரியை என்னைக் கடிந்துகொள்ளவும் இல்லை, தேற்றவும் இல்லை. "நீ நரியைப் பார்த்திருக்கிறாயா?" என்று மட்டும் கேட்டார். கதையில் கேட்டிருக்கிறேன்; ஆங்கிலப் படப்புத்தகத்தில் கண்டிருக்கிறேன். உயிருள்ள நரியைப் பார்த்ததே இல்லை!

பொங்கல் விடுமுறைக்குச் சேலம் மாவட்டத்தில் உள்ள தாத்தா ஊருக்குப் போயிருந்தோம். ஒருநாள் பொழுது சாயும் நேரம் கடலைக்காட்டு வரப்பில் நடந்துகொண்டிருந்தபோது, மாமா என் தோளைத் தொட்டு, "அசையாதே அம்மா, அதோ வங்கா நரி" என்றார். பூனையைவிடச் சற்றுப் பெரிய உருவம். வைக்கோலும் புழுதியும் கலந்தாற்போன்ற நிறம். குச்சி குச்சியான கால்கள். முகத்துக்குப் பொருந்தாத பெரிய காதுகள். உடம்பில் பாதிக்கு மேல் நீண்ட வால். அதன் நுனியோ கறுப்பு! அது சிரிக்கவில்லை, யாரையும் ஏமாற்றவும் இல்லை. ஒரு காதை எங்கள் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு, மண்ணைக் கிளறிப் பூச்சி தேடித் தின்றுகொண்டிருந்தது.

ஊர் திரும்பியதும் நூலகத்தில் தேடிப் படித்தேன். வெள்ளை நுனி வாலுள்ள செந்நரி ஐரோப்பாவிலும், நம் நாட்டில் இமயமலைப் பக்கத்திலும் வடமேற்குப் பாலை நிலங்களிலும் வாழ்வது. நம் வறண்ட காடுகளில் இருப்பது 2 அல்லது 3 கிலோ எடையே உள்ள வங்கா நரி. இரவில் ஊளையிடும் குள்ளநரி அதைவிடப் பெரிய வேறொரு விலங்கு. இரண்டையும் நாம் நரி என்ற ஒரே பெயரால் அழைக்கிறோம். நானோ இரண்டையும் விட்டுவிட்டு, பார்த்தறியாத ஒன்றை வரைந்து நாயாக்கியிருக்கிறேன்.

மறுபடியும் வரைய உட்கார்ந்தேன். என்னைப்போல் புதிதாகத் தொடங்கும் தோழியருக்காக, நான் தடுக்கி விழுந்த இடங்களைச் சொல்லுகிறேன். முதலில் கண்ணையும் மீசையையும் வரையத் தொடங்காதீர்கள். பென்சிலை அழுத்தாமல், தலைக்கு ஒரு வட்டம், உடம்புக்கு ஒரு நீள்வட்டம், வாலுக்கு ஒரு வளைகோடு போட்டு, எது எதைவிடப் பெரியது என்று முதலில் அளந்துகொள்ளுங்கள். மூக்கு நாய்க்கு இருப்பதைவிட மெலிந்து கூராக முடிய வேண்டும். காதுகளைத் துணிந்து பெரிதாக வரையுங்கள். கால்களை மேசைக்கால் போல நேராக நிறுத்தாதீர்கள். பின்னங்காலில் பின்னோக்கி மடிந்திருப்பது முழங்கால் அன்று, குதிகால். நரி விரல்களை ஊன்றியே நடக்கிறது. இது தெரிந்த பிறகுதான் என் நரி தரையில் நின்றது. வெளிச்சத்தில் நரியின் கருவிழி பூனைக்குப்போல் செங்குத்துக் கோடாகச் சுருங்கும். நாய்க்கு அப்படி இல்லை. உரோமத்தைச் சுற்றிக் கோடு போட்டு அடைக்காமல், அது வளரும் திசையில் சிறு சிறு கீற்றுகளாக இழுங்கள். தவறிய கோட்டை உடனே அழிக்காதீர்கள்; சரியான கோடு எங்கே வரவேண்டும் என்று காட்டுவது அதுதான். எனக்கு ஏழாவது நரிதான் நரியாக வந்தது.

இதில் நான் கற்றது ஓவியம் மட்டும்தானா? "அவள் சரியான நரி" என்று ஒருத்தியைப் பற்றி எத்தனை எளிதாகச் சொல்லிவிடுகிறோம்! நரியையும் பார்த்ததில்லை, அவளையும் சரியாகப் பார்த்ததில்லை. யாரோ சொன்னதை வைத்துக்கொண்டு மனத்துக்குள் ஒரு படம் வரைந்துவிடுகிறோம்.

இன்னொன்றும் உண்டு. நல்லது நடந்தால் "நரி முகத்தில் விழித்தாயா?" என்று கேட்கிறோம். அந்த நம்பிக்கையால் வாழப்பாடிப் பக்கத்துச் சிற்றூர்கள் சிலவற்றில் பொங்கலையொட்டி வங்கா நரியை வலை வைத்துப் பிடித்து, கயிறு கட்டி ஓடவிடும் வழக்கம் இருந்து வந்திருக்கிறது. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம். அந்த முகத்தில் விழிக்க இத்தனை பாடுபட்டவர்கள், அதை ஒரு நிமிடம் உற்றுப் பார்த்திருந்தால் கயிற்றை அவிழ்த்துவிட்டிருக்க மாட்டார்களா?

பத்தாம் வகுப்பு வந்துவிட்டால், "படம் போட்டு என்ன ஆகப்போகிறது? கணக்கைப் போடு" என்று சொல்லாத வீடு குறைவு. பெற்றோர்களே, கணக்கு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் கேட்டதை நம்பாதே, பார்த்து அறிந்துகொள் என்று எனக்குக் கற்பித்தது வாரத்தில் ஒருமுறை வரும் ஓவிய வகுப்புதான். அந்த நாற்பது நிமிடத்தை வேறு பாடத்துக்குக் கொடுத்துவிடாதீர்கள் என்று உங்களையும் அருட்சகோதரியரையும் பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

என் ஏழாவது நரியை அந்த மூன்றாம் வகுப்புச் சிறுமியிடம் காட்டினேன். வெகுநேரம் பார்த்துவிட்டு, "பாவம் அக்கா, இதற்குப் பசிக்கிறது" என்றாள். எனக்கு அந்தப் பரிசே போதும்.

— பத்தாம் வகுப்பு மாணவி