வெற்றிடமும் எழுத்தே

செய்நிரலொன்றைப் பிறருக்கு அனுப்புகையில் எழுத்துகள் யாவும் போய்ச் சேர்ந்தாற் போதும், இடைவெளி சிதைந்தாற் குற்றமில்லை என்னும் எண்ணம் எம்மிடையே வேரூன்றியுள்ளது. இதனை முற்றாக மறுக்கின்றோம்.

1991 ஆம் ஆண்டு கைடோ வான் ரோசம் வெளியிட்ட பைதன் மொழியில், எவ்வரி எதற்குக் கட்டுப்பட்டது என்பதை உணர்த்துவது வரித் தொடக்கத்து வெற்றிடமேயாகும். 40, 50, 60 என்னும் மூன்று புள்ளிகளை ஒவ்வொன்றாகக் கூட்டி விடைதரும் நிரலைக் கொள்வோம். விடையைத் திருப்பியளிக்கும் இறுதி வரி, கூட்டலை மீளமீளச் செய்விக்கும் கட்டளைக்கு நேர்கீழே நிற்பின் 150 கிடைக்கும். அவ்வரி நான்கு இடம் வலப்புறம் நகர்ந்து அக்கட்டளையின் உள்ளே புகுந்துவிடின் 40 மட்டுமே கிடைக்கும். ஓரெழுத்தும் மாறவில்லை, கணனியும் பிழையென்று கூறுவதில்லை. கூறிவிடும் பிழைகளையேனும் திருத்தலாம். கூறாத இப்பிழையை யார் திருத்துவது?

இது பைதனின் குறைபாடே, அடைப்புக்குறி கொண்ட மொழிகளில் இத்தொல்லை இல்லை என்பார் உளர். 2014 பெப்ரவரியில் அப்பிள் நிறுவனத்தின் பாதுகாப்பு நிரலில் வெளிப்பட்ட வழுவை அவர்கள் நோக்குவார்களாக. சி மொழியில் எழுதப்பட்ட அந்நிரலில் ஒரு வரி தவறுதலாக இருமுறை இடம்பெற்றது. இரண்டாம் வரியும் உள்தள்ளியே நின்றமையால் நிபந்தனைக்கு உட்பட்டது போலக் கண்ணுக்குத் தோன்றிற்று; கணனியோ அதனை எப்போதும் நிறைவேற்றிற்று. அதனால் கையொப்பச் சோதனை நடைபெறாமலே போயிற்று. மனிதர் வெற்றிடத்தைப் படிக்க, இயந்திரம் குறியைப் படித்தது! இவ்விரண்டையும் ஒன்றாக்கிய பைதனைக் குறைகூறுவது எங்ஙனம் பொருந்தும்?

குற்றம் கடத்தும் வழியில் உள்ளது. இணையப் பக்கங்களை ஆக்கும் எச்.டி.எம்.எல். மொழி, வேறு கட்டளை இன்றேல், அடுத்தடுத்த வெற்றிடங்களை ஒன்றாகச் சுருக்கியே காட்டும். உள்ளவாறே காட்டுதற்குத் தனிக் குறி உண்டு. அதை இடுவோர் சிலரே. 'டாப்' சாவியால் விட்ட இடமும் தனித்தனியாக விட்ட இடமும் கண்ணுக்கு ஒன்றே. அவை முரண்படக் கலந்தால் 2008 இல் வந்த பைதன் 3 நிரலை ஏற்க மறுக்கும்.

புள்ளியும் சொல்லிடைவெளியும் இன்றிக் கிடந்த ஏடுகளை அச்சேற்றச் சி. வை. தாமோதரம்பிள்ளை போன்றோர் பட்ட பாட்டைப் பயிலும் கலைப்பீடத்தாருக்கு இது விளங்காததன்று. பிரதியெடுப்பவர் கெடுத்ததை ஆக்கியோன் தலையிற் சுமத்தலாகாது என்பது எமது துறையின் அரிச்சுவடி. கணனி வகுப்பிலோ, சிதைந்த குறிப்பைப் பார்த்துப் பயிலும் மாணவனுக்கே புள்ளி குறைகின்றது. ஆதலின் விரிவுரையாளர்கள் நிரல்களைக் கோப்பாகவே வழங்குதல் வேண்டும்; ஒப்படைகளையும் கோப்பாகவே பெறுதல் வேண்டும். மூலக்கோப்பைக் காணுமுன் ஒரு புள்ளியும் வெட்டப்படலாகாது.