ஓமனாவுக்கு என்ன பதில்?

தன்பாலின இணைகளைக் காட்டிக் காட்டியே தொலைக்காட்சி தமிழ்க் குடும்பத்தைக் கெடுத்துவிட்டது என்று நம் மெர்சிங் அன்பர் ஒருவர் நீட்டி முழக்கியிருக்கிறார். அவருடைய வாதங்கள் ஒன்றையொன்று காலை வாரிவிடுகின்றன; அதை அவர் கவனிக்கவே இல்லை.

காட்டினார்களாம். எங்கே? 2010-இல் மலேசியத் திரைத் தணிக்கை தளர்ந்தபோதுகூட, அப்படியொரு பாத்திரம் முடிவில் மனந்திருந்தியாக வேண்டும் என்பதே நிபந்தனை. 2022-இல் ‘லைட்இயர்’ என்ற சிறுவர் படம், இரு பெண்கள் முத்தமிடும் ஒரு கணத்துக்காக, நம் திரையரங்குகளை எட்டவே இல்லை. அன்பர் பார்த்த படங்களும் உண்டு. கொலைகாரர் இருவரை அவர்கள் உறவைச் சொல்லியே நாயகன் ஏசிய ‘வேட்டையாடு விளையாடு’ (2006). ஆண் இணையைச் சிரிப்புக்குத் தீனியாக்கிய ‘கோவா’ (2010). அப்போதெல்லாம் பண்பாடு எங்கே போயிருந்தது? கொலைகாரனாகவும் கோமாளியாகவும் வந்தால் கைதட்டலாம், பக்கத்து வீட்டு மனிதனாக வந்தால் மட்டும் குடும்பம் இடிந்துவிடுமா?

அடுத்து, இது மேற்கத்திய இறக்குமதியாம். இறக்குமதியானது தண்டனைதான். 1860-இல் ஆங்கிலேயன் இந்தியாவுக்கு எழுதிய தண்டனைச் சட்டத்தின் 377ஆம் பிரிவு, 1871-இல் நீரிணைக் குடியேற்றங்களுக்கும் வந்து சேர்ந்தது. ஒருதலைக் காதலான கைக்கிளையையும் பொருந்தாக் காதலான பெருந்திணையையும்கூட இலக்கணத்துக்குள் வைத்துப் பேசியவர் தொல்காப்பியர். ஹரிக்கும் ஹரனுக்கும் பிறந்த பிள்ளைக்கு இருமுடி கட்டுகிறவர்கள் நாம். விக்டோரியா காலத்து வெட்கத்தைத் தமிழ்ப் பண்பாடு என்று இவருக்கு எந்த வாத்தியார் சொல்லிக்கொடுத்தார்?

குடும்பம் மாறாததாம்! ஜப்பானியர் காலத்தில் சயாம் ரயில் பாதைக்குத் தோட்டத்து ஆண்களைப் பிடித்துக்கொண்டு போனார்கள். பல்லாயிரம் பேர் திரும்பவில்லை. லயன் வீடுகளில் எஞ்சிய பிள்ளைகளைப் பாட்டிகளும் அண்டை வீட்டுப் பெண்களும் வளர்த்தார்கள். அப்பா இல்லாத அந்த வீடுகளைக் குடும்பமில்லை என்று சொல்ல அன்பருக்கு நா எழுமா?

இவர் கவலை பிள்ளைகளைப் பற்றியதே அல்ல. பெற்றவர் காட்டிய இடத்தில் தலைகுனிந்து தாலி கட்டும் வழக்கம் கைநழுவுகிறது என்பதே இவருடைய பயம். ‘ஒரு கல்யாணத்தைப் பண்ணிவைத்தால் சரியாகிவிடும்’ என்ற பழைய வைத்தியத்தை இவர் மறுபடியும் சிபாரிசு செய்கிறாரே, அந்த இடத்தில்தான் எனக்குப் பொறுக்கவில்லை. ஜியோ பேபி இயக்கிய ‘காதல் - தி கோர்’ (2023) அந்த வைத்தியத்தின் விளைவைத்தான் சொல்கிறது. தந்தை சொல்லுக்குக் கட்டுப்பட்டு மணமுடித்த தன்பாலின ஈர்ப்பாளர் மேத்யூவாக மம்மூட்டி, இருபது ஆண்டு அந்த வீட்டில் தனிமையைச் சுமந்த ஓமனாவாக ஜோதிகா. வளர்ந்த மகள் இருக்கிறாள், சர்ச் இருக்கிறது, ஊரில் மதிப்பு இருக்கிறது. அன்பர் கேட்கும் குடும்பத்துக்கு வேண்டிய எல்லாமே இருக்கிறது. ஓமனாவுக்கு வாழ்க்கைதான் இல்லை. அவள் விவாகரத்து கேட்டு நீதிமன்றம் போகிறாள், தனக்காக மட்டுமல்ல, அவனுக்காகவும். இதையா குடும்பத்தைக் கெடுக்கும் படம் என்பது? ஒருவன் தன்னை ஒளித்துக்கொள்ள ஒரு பெண்ணின் ஆயுளைத் திரையாக இழுத்து மூடுவதுதான் இவர் காக்க நினைக்கும் ஒழுக்கமா?

அன்பரே, மற்ற வாதங்களை ஒதுக்கிவைப்போம். உங்கள் மகளுக்கு அப்படியொரு மாப்பிள்ளையைத் தெரிந்தே பார்ப்பீர்களா? முதலில் இதற்குப் பதில் எழுதுங்கள்.